ஊட்டி பூங்காவில் வீல்சேர் எவ்வளவு தூரம் போகும்? ஒரு சாய்தளத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு!

ஊட்டிக்கு ஃபேமிலி டூர் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மேலே ஏறத் தொடங்குவார்கள். பாட்டி மட்டும், ``நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்று கீழேயே உட்கார்ந்துவிடுவார். பாட்டிக்கு மூட்டுவலி. சில குடும்பங்களில் அது வீல்சேரில் இருக்கும் அண்ணனாக இருக்கும், சில குடும்பங்களில் கைக்குழந்தையோடு இருக்கும் அக்காவாக இருக்கும். மேலே போனவர்கள் போட்டோவோடு திரும்பி வருவார்கள்.

`படிக்கட்டுப் பக்கத்துல ஒரு ராம்ப் போட்டா முடிஞ்சுது, இதுல என்ன பெரிய விஷயம்?' என்று தோன்றும். பெரிய விஷயம்தான். பழைமையான ஒரு மலைப் பூங்காவில், எல்லோரும் போகக்கூடிய ஒரு பாதையை வடிவமைக்க உட்கார்ந்தால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும்? ஊட்டியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கு. சாய்தளத்துக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அளவு 12-க்கு 1. அதாவது, ஓர் அடி உயரம் ஏற குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். இந்தியாவின் வழிகாட்டுதல்களிலும் அதிகபட்ச சாய்வு இதுதான். 15 செ.மீ உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் ராம்ப். பத்துப் படிகள் என்றால் 18 மீட்டர். சுமார் 9 மீட்டருக்கு ஒருமுறை சமதளமாக ஓர் இடம் விட வேண்டும், கையால் சக்கரத்தைத் தள்ளி வருபவர் மூச்சு வாங்கிக்கொள்ள. ஆக, பத்துப் படிக்கு நடுவில் ஒரு சமதளத்தோடு கிட்டத்தட்ட 20 மீட்டர். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம்.

இப்போது ஊட்டிக்கு வருவோம். தொட்டபெட்டா சரிவில், 55 ஏக்கரில் அடுக்கடுக்காக இருக்கிறது பூங்கா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,250 மீட்டரில் தொடங்கி 2,500 மீட்டர் வரை போகிறது. உயர வித்தியாசம் மட்டும் 250 மீட்டர். இதை 12-க்கு 1 சாய்வில் ஏற 3 கிலோமீட்டர் நீள ராம்ப் வேண்டும். இளைப்பாறும் சமதளங்களையும் சேர்த்தால் மூன்றரை கிலோமீட்டர்!

இன்னொரு ஒப்பீடு. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத்தைத் தண்டவாளத்தில் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறும், இல்லையா? அந்தப் பாதையின் செங்குத்தான இடத்தில் சாய்வு ஏறத்தாழ 12-க்கு 1தான். ஒரு ரயில் இன்ஜின் தனியாகப் பல்சக்கரம் மாட்டிக்கொண்டு ஏறும் சாய்வை, ஒரு மனிதர் தன் இரண்டு கைகளால் ஏறிவிடுவார் என்று எதிர்பார்க்கிறோம். `ராம்ப்தான் இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள் 12-க்கு 1-ஐக் கடைசி எல்லையாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை 20-க்கு 1 என்ற மெல்லிய சாய்வைத் தேடுகிறார்கள். அந்தச் சாய்வில் அது ராம்ப் மாதிரியே தெரியாது. சாதாரண நடைபாதைதான்.

படிக்குப் பக்கத்தில் வேண்டாம்

படி இருக்கும் இடத்திலேயே ராம்பைத் திணிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இடம் போதாது. உடனே சாய்வை ஏற்றிவிடுவார்கள். விளைவு, பைக் ஏற்றத்தான் லாயக்கு. பார்க்கவும் சகிக்காது.

மலையில் சாலை போடுபவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளோடு சுற்றிச் சுற்றித்தானே ஏறுகிறது? தேயிலைத் தோட்டங்களிலும் பாதைகள் சரிவைக் குறுக்காகத் தழுவித்தான் போகும். பூங்காவுக்கும் அதேதான். நேராக ஏறாமல், ஒரே உயரத்தில் பக்கவாட்டில் நீளமாகப் போகும் பாதைகளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றைச் சில இடங்களில் மட்டும் மெல்லிய சாய்வால் இணைக்க வேண்டும்.

250 மீட்டரையும் எல்லோரும் ஏறியே ஆக வேண்டும் என்றில்லை. `ஒவ்வோர் அங்குலத்துக்கும் வீல்சேர் போகணும்' என்று ஆரம்பித்தால் சரிவு முழுக்க கான்கிரீட்தான் மிஞ்சும். ஆனால் `முடியாது' என்று கைகழுவவும் கூடாது. பூங்கா என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பெரிய புல்வெளி, கண்ணாடி மாளிகை, பல வகை மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையானதாகச் சொல்லப்படும் கல்மரம், உயரத்திலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு. இந்த அனுபவங்களில் ஒன்றுகூட விட்டுப்போகாத ஒரு சுற்றுப்பாதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உச்சிக்குப் போக முடியாவிட்டாலும், பள்ளத்தாக்கு தெரியும் ஓர் இடத்துக்காவது அந்தப் பாதை போயாக வேண்டும்.

முக்கியமாக, அது `மாற்றுத்திறனாளிகள் பாதை' என்று பின்பக்கமாக, குப்பைத்தொட்டிக்கு அருகில் ஒதுங்கிப் போகக் கூடாது. பாட்டி, அண்ணன், ஸ்ட்ரோலர், ஐஸ்க்ரீமோடு ஓடும் பசங்க எல்லோரும் போகும் மெயின் பாதையே அதுவாக இருக்க வேண்டும். `பேட்டரி கார் விட்டா போதாதா?' என்பார்கள். ஏறுவதற்கு அது உதவும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பூங்காவுக்குப் போவதே பிடித்த பூவுக்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா நிற்பதற்குத்தான். கார் நிற்காதே!

பாரம்பரியம் கெட்டுப்போகுமா?

1840-களில் ஊட்டியில் இருந்த ஐரோப்பியர்கள், மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு மலிவாகக் காய்கறி கிடைக்க ஆரம்பித்த தோட்டம்தான் இது. 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்று, பல ஆண்டுகள் உழைத்துத் தாவரவியல் பூங்காவாக மாற்றினார். ஆக, முட்டைகோஸ் தோட்டம் பூங்காவாக மாறியிருக்கிறது. ஒரு பாதை மாறினால் குடி முழுகிவிடாது.

அதற்காக இஷ்டத்துக்கு இடிக்கவும் முடியாது. பழைமையான தோட்டங்களைப் பாதுகாப்பதற்கென்றே 1981-ல் `ஃபுளோரன்ஸ் சாசனம்' என்ற சர்வதேச ஆவணம் உருவானது. செடி கொடிகளால் ஆனதால், தோட்டத்தை `உயிருள்ள நினைவுச்சின்னம்' என்கிறது அது. கோட்டைச் சுவருக்கு வேர் கிடையாது, தோட்டத்துக்கு உண்டு. சிக்கலே அங்கேதான்.

மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் அடுக்கில்தான் பரவியிருக்கும். ராம்புக்கு அஸ்திவாரம் தோண்டினால் அவைதான் முதலில் அறுபடும். மரம் அன்றே சாய்ந்துவிடாது. சில வருடங்கள் கழித்து மெல்லக் காயும்போது யாருக்கும் ராம்ப் ஞாபகம் வராது. தோண்டாமல் மண்ணைக் கொட்டி உயர்த்தினாலும் ஆபத்துதான், அடிமரம் மூச்சுத் திணறும். எனவே பெரிய மரங்களுக்கு அருகில், சிறு தூண்கள் மேல் நிற்கும் மேடைப்பாதைதான் நல்லது. வேர் இருக்கும் இடத்தைப் பார்த்துத் தூணைத் தள்ளி நடலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் தடம் தெரியாமல் கழற்றிவிடலாம். பாரம்பரிய இடங்களில் `கழற்ற முடியுமா?' என்பது முக்கியமான கேள்வி. ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் 2020-ல் கான்கிரீட் பாதைகள் போட்டபோது தொல்லியலாளர்கள் பலர் கொதித்ததும் இதனால்தான்.

தரைதான் வில்லன்

சாய்வு சரியாக இருந்தும், தரை சொதப்பினால் எல்லாம் போச்சு. சரளைக்கல் அழகுதான், ஆனால் வீல்சேரின் முன்சக்கரம் புதைந்துவிடும். உருண்டைக்கல் பதித்த தரை உடம்பையே உலுக்கும். பாலிஷ் போட்ட கிரானைட்டில் மழை பெய்தால் நடப்பவர்களே வழுக்கி விழுவார்கள்.

மரப்பலகை? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை மறந்திருக்க மாட்டீர்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடல் அலை வரை போனவர்களின் முகங்களை அன்று டிவியில் பார்த்தோம். அடுத்த சில நாள்களில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். மணலுக்குப் பொருந்திய பலகையை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுபோனால் வேறு பிரச்னை. அங்கே மழை, மூடுபனி, குளிர்காலத்தில் உறைபனி. பாசி பிடித்த பலகையில் சக்கரம் சறுக்கும். சொரசொரப்பாக்கிய கல் அல்லது துடைப்பத்தால் கோடிழுத்த கான்கிரீட் அங்கு சரிவரும். பலகைதான் வேண்டும் என்றால் மேலே பிடிமானப் பட்டைகள் வேண்டும். மழைநீர் வடியும் கம்பிமூடிகளின் இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரமும் கைத்தடியும் மாட்டிக்கொள்ளும்.

பார்வையற்றவர்களுக்குப் பாதையின் ஓரத்தில் கைத்தடி தட்டும் உயரத்துக்கு ஒரு விளிம்பு வேண்டும், தலையில் இடிக்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். கைப்பிடி வைத்த பெஞ்ச்சுகள் அடிக்கடி வேண்டும், பாட்டி ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடி அவசியம். டாய்லெட்டைச் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் யாரோ மனமிரங்கிச் செய்யும் உதவியும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அதன் விதிகள் 2017-ல் வந்தன. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்கிறது சட்டம். 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பதை ஏற்காமல், கட்டாய விதிகளை உருவாக்கச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். மூட்டுவலிப் பாட்டிகள் இந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த முறை எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒன்று செய்யுங்கள். உங்கள் போனில் லெவல் பார்க்கும் ஆப் இருக்கும், இல்லாவிட்டால் இலவசமாகவே கிடைக்கும். போனை ராம்ப் மேல், ஏறும் திசையில் நீளவாக்கில் படுக்க வையுங்கள். 3 டிகிரிக்குள் காட்டினால் சூப்பர், அது 20-க்கு 1. 5 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே என்றால் 12-க்கு 1, ஓகே. 8, 10 என்று காட்டினால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பூங்கா நிர்வாகத்துக்கு இடத்தைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். `ராம்ப் சரியில்லை' என்று பொதுவாகப் புகார் சொன்னால் `பார்க்கிறோம்' என்பார்கள். `நுழைவுவாயில் ராம்ப் 9 டிகிரி, 5-க்குள் இருக்கணும்' என்று எழுதினால், பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.