குடி பிரிதலோ, அரசி மாற்றமோ?

தேனீக்களைப் பெட்டியில் வைத்து வளர்ப்போர் அடைகளைத் தூக்கிப் பார்க்குங்கால், நிலக்கடலைத் தோடு போன்ற வடிவுடைய நீண்ட மெழுகறையொன்று தொங்குவதைச் சிற்சில வேளைகளிற் காண்பர். ஏனைய அறைகளெல்லாம் அறுகோணமாய்ப் பக்கவாட்டில் நோக்கியிருக்க, இஃதொன்று மட்டும் வாய் கீழ்நோக்கித் தொங்கும். இதுவே அரசியறை. பேச்சு வழக்கில் ‘ராணி ஈ’ எனப்படும் அரசித் தேனீ இதனுள்ளேயே வளர்கின்றது. இதனைக் கண்டவுடன், “கூட்டம் பிரிந்து போய்விடும், நறுக்கி எறி” என்று கத்தியை எடுப்போர் பலர். ஆயினும் அரசியறை ஒரே பொருள் தரும் சொல்லன்று. இலக்கணம் பயில்வோர் மொழியிற் கூறின், அஃது இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டிய பலபொருள் ஒருசொல்லாம்.

அவ்வறை தோன்றுவதற்குரிய காரணங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, குடி பெருத்து இடம் போதாமையால் இரண்டாகப் பிரிய எண்ணுதல். மற்றொன்று, அரசி மூப்புற்றோ பழுதுற்றோ போனமையால் அவளுக்கு ஈடாக வேறொருத்தியை வளர்த்தல். முன்னையது செழிப்பின் விளைவு. பின்னையது தளர்ச்சியின் விளைவு. முன்னையதில் வாளாவிருப்போமாயின், தேன் வரும் பருவத்தில் குடியில் ஏறக்குறையப் பாதி பறந்துபோகும். பின்னையதில் அறையை நறுக்குவோமாயின், குடி தானே செய்துகொள்ளும் மருத்துவத்தை நாமே கெடுத்தவராவோம். அரசியற்ற குடியில் நாளடைவில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அம்முட்டைகள் கருவுறாதவை, ஆதலின் ஆண் ஈக்களே பிறக்கும், குடியும் அழியும்.

அங்ஙனமாயின் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு? அறைகளின் தொகையை முதலில் நோக்குக. பிரியக் கருதும் குடி பல அறைகளைக் கட்டும்; அவை பெரும்பாலும் அடையின் கீழ் விளிம்பிலும் ஓரங்களிலும் வரிசையாகத் தொங்கும். அரசியை மாற்றும் குடியோ ஒன்று, இரண்டு, மிகுந்தால் மூன்று அறைகளோடு நின்றுவிடும். அவை அடையின் நடுமுகத்தில் அமைதல் பெருவழக்கு. எனினும் இடம் ஒன்றையே நம்பி முடிவு கட்டுதல் தகாது. நம் நாட்டுச் சிறு தேனீக்கள் மாற்றத்திற்குரிய அறையையும் சில வேளை கீழ் விளிம்பிலேயே கட்டிவிடும். நூல்களிற் காணும் படத்தை மனத்திற் கொண்டு பெட்டியைத் திறப்பவர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

இடத்தினும் உறுதியான சான்று, அறைகளின் வயது. அரசியின் முட்டை மூன்று நாளிற் பொரிக்கும். புழு ஏறக்குறைய ஐந்து நாள் வெண்கூழில் வளரும். பின்னர் அறை மூடப்பெற்று, முட்டையிட்ட நாளிலிருந்து 15 அல்லது 16 நாளில் அரசி வெளிவரும். பிரியும் குடியில் முட்டை, சிறு புழு, பெரும் புழு, மூடிய அறை என வயது பலவாய்க் கலந்திருக்கும். மாற்றும் குடியில் இரண்டு மூன்று அறைகளிருப்பினும் அவை ஏறத்தாழ ஒரே வயதினவாயிருக்கும். முட்டையோ புழுவோ இல்லாத வெறுங்கிண்ணங்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவை எக்காலத்தும் அங்கங்கே கட்டப்படுவனவே.

இனி, அறையை விட்டு அடையை நோக்குவோம். உண்மையில் அரசியறையைவிட அதனைச் சூழ்ந்த புழுவறைகளே மிகுதியாகப் பேசுகின்றன. நல்ல அரசி அறைக்கு ஒரு முட்டையாக இடைவெளியின்றி இட்டுச் செல்வாள். மூடிய புழுவறைகள் பாய் விரித்தாற்போல் நெருங்கிக் கிடக்கும். அத்தகைய அடைகள் நிறைந்து, சட்டமெங்கும் ஈக்கள் மொய்த்து, ஆண் ஈக்களின் அறைகளும் மிகுந்திருப்பின் அது பிரியும் குடியே. நம் நாட்டுத் தேனீயின் ஆண் அறைகளை அறிதல் எளிது. மேடிட்ட மூடியின் நடுவே ஊசிமுனை போன்ற துளையொன்று காணப்படும். மாறாக, புழுவறைகள் சிதறிக் கிடப்பதும், வேலைக்கார ஈக்களுக்குரிய சிற்றறைகளிலேயே ஆண் ஈக்கள் வளர்ந்து மூடி புடைத்திருப்பதும் அரசியின் தளர்ச்சியைக் காட்டும். அரசி இளமையிற் கலவியுற்றுப் பெற்ற விந்தினையே ஆயுள் முழுதும் சேமித்து வைத்துச் செலவிடுகிறாள். அச்சேமிப்பு வற்றியபின் அவள் இடும் முட்டைகள் ஆண் ஈக்களாகவே முடியும்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். பிரிவதற்குச் சில நாள் முன்னரும் அரசி முட்டையிடுவதைக் குறைத்துவிடுவாள். பறப்பதற்கேற்ப அவள் உடல் மெலிய வேண்டுதலின், வேலைக்கார ஈக்கள் அவளுக்கு ஊட்டும் உணவைச் சுருக்குகின்றன. ஆகவே புதிய முட்டை இல்லாமை ஒன்றையே கொண்டு அரசி கெட்டாளென்று துணிதல் பிழை. அவள் சென்ற இரு வாரங்களில் எவ்வாறு முட்டையிட்டாள் என்பதற்கு மூடிய புழுவறைகளே சாட்சி. அவை நெருக்கமாயிருப்பின் அவள் மேற் குற்றமில்லை.

குடியிலுள்ள ஈக்கள் இவற்றையெல்லாம் உணர்வது எங்ஙனம்? இங்கிலாந்தில் காலின் பட்லர் என்னும் அறிஞர் 1954ஆம் ஆண்டில் ‘அரசிப் பொருள்’ எனப் பெயரிட்ட ஒரு சுரப்பே இதற்கு விடையாகும். அரசியின் உடலிலிருந்து ஈக்கள் நக்கி ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் இப்பொருள் போதியவளவு கிடைக்கும்வரை அரசியறை கட்டும் எண்ணம் அடங்கியிருக்கும். அரசி தளர்ந்தால் சுரப்புக் குறையும். நெருக்கடி மிகுந்தால் சுரந்தது எல்லார்க்கும் எட்டாது. காரணம் வேறாயினும் கடைநிலை ஈக்கு விளைவு ஒன்றே. அதனாலன்றோ அறையும் ஒரே தோற்றமாயிருக்கின்றது!

முதற் கூட்டத்தோடு வெளியேறுவது பழைய அரசியே, இளையவளல்லள் என்பதை எடுத்துக்காட்டியவர் ஜெனீவாவைச் சார்ந்த பிரான்சுவா ஹூபர். இவர் இளமையிலேயே பார்வையிழந்தவர். பர்னென்ஸ் என்னும் பணியாளரின் கண்களைத் தம் கண்களாகக் கொண்டு ஆராய்ந்து, 1792இல் நூல் வெளியிட்டார். கண்ணுடையார் பலர் காணாததை இவர் கண்டார். நம் புலவர்கள் வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு என்று மலரிடத்து ஈக்களை நுணுகி நோக்கிப் பெயரிட்டனர். இறால் எனக் கூட்டிற்கும் பெயர் தந்தனர். ஆயினும் அவ்விறாலின் உள்ளே நிகழும் அரசியலை அவர்கள் மிகுதியாகப் பாடிற்றிலர் என்பது எளியேன் கருத்து.

குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் நாட்களே தேன் பெருகும் காலம். அத்தேன் பூவினின்றன்று, இளந்தளிரின் காம்பிலுள்ள சுரப்பிகளினின்று வருவது. அதற்கு முந்திய திங்கள்களிற் குடிகள் பெருகுமாதலின் பிரியும் வேட்கையும் அப்பொழுதே மிகும். பிரிவென்று உறுதிப்பட்டால், பழைய அரசியைச் சில அடைகளோடு வேறு பெட்டிக்கு மாற்றி, தாய்ப்பெட்டியில் நல்ல அறையொன்றை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்கலாம். பல அறைகளை விட்டுவைப்பின், பின்னும் பின்னும் சிறு கூட்டங்கள் புறப்பட்டுக் குடி நலிவுறும். முதல் அறை மூடப்பெற்றபின் தெளிந்த வானமுள்ள நாளிற் கூட்டம் புறப்பட்டுவிடுமாதலின், காலந்தாழ்த்தலாகாது. அரசி மாற்றமென்று தெரிந்தாலோ ஒன்றுஞ் செய்யாதிருத்தலே செயல். தாயும் மகளும் ஒரே அடையிற் சிலநாள் உடனுறைவதும் உண்டு. ஐயம் நீங்காதவிடத்து அறையைத் தொடாமல், பெட்டிக்கு இடங்கூட்டிவிட்டுக் காத்திருத்தல் நன்று.

அரசி பிறந்தாளா என்பதைக் காலியான அறையே உணர்த்தும். நுனி வட்டமாக அரியப்பட்டு மூடிபோல் தொங்குமாயின் அவள் நலமாக வெளிவந்தாள். பக்கவாட்டிற் கிழிந்திருப்பின் உள்ளேயே கொல்லப்பட்டாள். வெளிவந்தவள் சின்னாளில் கலவிக்காக வானிற் பறந்து மீளுவாள். அவள் திரும்பி வருங்கால் தன் வாயிலைத் தவறவிடாதபடி, அடைகளில் புதுமுட்டை காணும்வரை பெட்டியை இடம் பெயர்க்காமலும் அடிக்கடி திறவாமலும் விடுதல் வேண்டும்.