'வவுச்' என்னும் ஆங்கில வினை

ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் 'வவுச்' என்னும் வினையைக் கண்டவிடத்து 'உறுதி கூறு' என எழுதி அமைவர். அப்பெயர்ப்புப் பிழையன்று, ஆயினும் அவ்வினையின் உயிர்நிலையை அது தொடவில்லை என்று கருதுகின்றோம்.

இவ்வினை பழம்பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. அதன் மூலம் 'அழை' என்னும் பொருளுடைய 'வொகாரே' என்னும் இலத்தீன் வினை. அழைத்தற்கும் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்றற்கும் யாது தொடர்பு? விடை இடைக்கால இங்கிலாந்தின் நிலவழக்குகளில் உள்ளது. ஒருவன் பெற்ற நிலத்துக்குப் பிறனொருவன் உரிமை கோரி வழக்கிடின், பெற்றவன் தனக்கு அதனை உறுதியோடு தந்தவனை மன்றத்துக்கு அழைப்பான். வந்தவன் அவ்வுரிமையைக் காத்தல் வேண்டும். தோற்பின் அதற்கு ஒத்த மதிப்புள்ள வேறு நிலம் ஈந்தாக வேண்டும். அவ்வழைப்பே 'வவுச்'.

பின்னர் இம்முறை புனைவாகத் திரிந்த வரலாறு சுவையுடையது. வழிவழியினர்க்கே உரியதாகப் பிணிப்புண்ட நிலத்தை விடுவிக்க விரும்பினோர், தமக்குள் கூடி ஒரு வழக்கை நடத்தினர். அதில் உறுதியளித்தவனாக அழைக்கப்பட்டு நின்றவன் மன்றத்தின் கூவுவோனே! அவன் இடையில் வெளியேறிவிடுவான். ஈடு தர அவனிடம் நிலமும் இராது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஒழித்தது. இதற்குரிய 'இரட்டை வவுச்சர்' என்னும் கலைச்சொல்லை ஷேக்ஸ்பியர் ஆம்லெட்டின் இடுகாட்டுக் காட்சியில் எள்ளலாக ஆண்டுள்ளார். மெய்ம்மைக்குப் பொறுப்பேற்கும் சொல் பொய்யழைப்புக்குக் கருவியாயினமை சொல்லாய்வார் நகைத்தற்குரியதே.

நம் அலுவலகங்களில் 'வவுச்சர்' என்றே வழங்கும் தாளும் இதன் வழியினது. கணக்கில் எழுதிய செலவுக்குச் சான்றாக நிற்பது அது. 'வவுச்சேஃப்' என்பதோ முன்பு 'காப்புடையதென உறுதி செய்' எனப் பொருள்பட்டு, இன்று உயர்ந்தோர் இரங்கி அளித்தலைக் குறிக்கின்றது. நம் 'திருவுளம்பற்று' அதற்கு மிக அணித்து.

இன்றைய வழக்கில் இவ்வினை பெரும்பாலும் 'ஃபார்' என்னும் இடைச்சொல்லோடு வரும். ஒருவனுடைய நேர்மைக்கோ ஒரு செய்தியின் உண்மைக்கோ, தான் நேரில் அறிந்தமை பற்றித் தன் பெயரை முன்நிறுத்துதலே அதன் பொருள். 'கியாரண்டி' தருவோன் பொருளிழப்புக்கு ஆளாகலாம். இவனோ தன் சொல்லின் மதிப்பையே பணயமாக வைக்கின்றான். ஆதலின் பணத்தையும் சிறையையும் நினைப்பூட்டும் 'பிணை நில்' இங்குப் பொருந்தாது. 'அவன் நேர்மைக்கு யான் பொறுப்பு' என்பதே நேரியது. ஆங்கிலத்தின் 'ஃபார்' செய்யும் பணியை நான்காம் வேற்றுமை உருபு இயல்பாகவே செய்துவிடுகின்றது.

எதிர்மறையில் கருத்து வேண்டும். 'ஐ கேனாட் வவுச் ஃபார் இட்' என்பான் செய்தியைப் பொய்யென்று மறுப்பவன் அல்லன். தன் அறிவின் எல்லையைக் கூறி விலகி நிற்பவன். அதனை 'உறுதியன்று' என்று பெயர்ப்பின் ஐயம் செய்தியின் மேல் ஏறிவிடும். 'அதற்கு யான் பொறுப்பல்லேன்' என்பின் ஐயம் சொல்வோனிடத்தே தங்கும். நீதிமன்றச் சான்றுரைகளைத் தமிழாக்குங்கால் இவ்வேறுபாடு ஒருவனுடைய வழக்கையே மாற்றவல்லது.