கரி, காற்று, அணு: நம் கடற்கரையைப் பற்றி அரசியல்வாதிகள் சொல்வதும் செய்வதும்



ஓட்டப்பிடாரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் வருகிறவர் சன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், நாட்டின் மின்சார அரசியல் முழுவதையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். முதலில் உளுந்தும் பாசியும் விளையும் மானாவாரிக் கரிசல் காடு. அதன் நடுவே காற்றாலைகள். பிறகு உயர் மின்கோபுரங்கள். அடுத்து அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். அதற்கப்பால் உப்பளமும் கடலும். இந்தக் காட்சிகளில் ஒவ்வொன்றைப் பற்றியும் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. சில கட்சிகளுக்கு இரண்டு நிலைப்பாடுகளும் உண்டு: ஆட்சியில் இருக்கும்போது ஒன்று, எதிர்க்கட்சியாக இருக்கும்போது இன்னொன்று.

தேர்தல் நேரத்தில் மேடைகளில் கேட்கும் பேச்சுகளை எப்படி எடைபோடுவது என்று பங்கு மக்களில் பலர், குறிப்பாக அன்பியக் கூட்டங்களில் இளையோர், கேட்கிறார்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. யார் எப்போது என்ன சொன்னார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் நம் பகுதியை வைத்துப் பார்ப்போம்.

பருவநிலை மாற்றம் என்றால் வடதுருவத்துப் பனிக்கரடியின் பிரச்சினை என்றே நம்மில் பலர் நெடுநாள் எண்ணியிருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த எண்ணம் தண்ணீரில் போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டி பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பது அறிவியல். ஒரு குறிப்பிட்ட மழையை மட்டும் எடுத்து, இதற்குப் புவி வெப்பமடைந்ததுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இத்தகைய பெருமழைகள் கூடும் என்பதில் விஞ்ஞானிகளுக்கு ஐயமில்லை. கடலுக்குள்ளும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகள் வெப்பம் தாங்காமல் வெளுத்த ஆண்டுகள் 1998, 2010, 2016, 2024 என்று நீள்கின்றன.

அந்த வெள்ளத்தின்போது நடந்த அரசியலை நினைவுகூர வேண்டும். வானிலை ஆய்வு மையம் இவ்வளவு மழை பெய்யும் என்று உரிய நேரத்தில் சொல்லவில்லை என்றார் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். முன்பே எச்சரித்தும் மாநில அரசு தயாராகவில்லை என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். தேசியப் பேரிடராக அறிவிக்கக் கேட்டது மாநிலம். அப்படி அறிவிக்கும் வழக்கமே இல்லை என்றது மத்திய அரசு. நிவாரணத் தொகை யாருடைய அப்பன் வீட்டுப் பணம் என்ற அளவுக்குப் பேச்சு போயிற்று. மழை ஏன் இப்படிப் பெய்கிறது என்ற கேள்வி அந்தச் சண்டையில் அடிபட்டுப் போனதுதான் மிச்சம்.

நிலக்கரிக்கு வருவோம். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. ஐந்தாவது அலகு 1991-ல் வந்தது. ஒவ்வொன்றும் 210 மெகாவாட், மொத்தம் 1,050. இதன் அருகே நெய்வேலி நிறுவனமும் மாநில மின்வாரியமும் கூட்டாக அமைத்த 1,000 மெகாவாட் நிலையம் 2015-ல் உற்பத்திக்கு வந்தது. மேலமருதூர்ப் பக்கம் தனியார் அமைத்தது 1,200 மெகாவாட். பழைய நிலையம் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரைக் கோடி யூனிட் தரும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 15,000 டன்னுக்கு மேல் கரி வேண்டும். அது ஒரிசாவிலிருந்து கப்பலில் வருகிறது. எரிந்த பின் சாம்பல் இங்கே தங்குகிறது; கரியமில வாயு உலகத்துக்குப் போகிறது; சூடேறிய குளிர்விப்பு நீர் கடலுக்குப் போகிறது.

நிலக்கரி விஷயத்தில் இரண்டு கழகங்களுக்கும் இடையே பெரிய வேற்றுமை இருந்ததில்லை. உடன்குடி இதற்குச் சான்று. 2009-ல் கலைஞர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். பெல் நிறுவனத்தோடு கூட்டு முயற்சி என்றார். 2012-ல் ஜெயலலிதா அந்தக் கூட்டை ரத்து செய்து, மாநில அரசே தனியாக 660 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கட்டும் என்றார். யார் கட்டுவது என்பதில்தான் தகராறு. கரி வேண்டுமா என்று இருவரும் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி 2023 ஏப்ரலில் நடந்தது. காவிரிப் படுகையில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய இடங்களை மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அ.தி.மு.க., பா.ம.க., இடதுசாரிகள் எல்லாரும் எதிர்த்தனர். மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலையும் தம் கட்சி ஆட்சியிடமே விலக்குக் கேட்டார். சில நாட்களுக்குள் மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நல்லதே. நெல் விளையும் மண்ணுக்காக ஒரே வாரத்தில் ஒன்றுசேர்ந்த கட்சிகள், கரிசல் மண்ணுக்கும் கடலுக்கும் அப்படி ஒருநாளாவது ஒன்றுசேர்ந்ததுண்டா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

தில்லியின் நிலைப்பாட்டிலும் கட்சி மாறினாலும் தொடர்ச்சி இருக்கிறது. நம் நாட்டின் தனிநபர் கரிவாயு வெளியீடு, வளர்ந்த நாடுகளின் அளவை ஒருபோதும் தாண்டாது என்று 2007-ல் மன்மோகன் சிங் வாக்குறுதி தந்தார்; 2008-ல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் நரேந்திர மோடி, 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவோம் என்றார். அதே மாநாட்டின் கடைசி நாளில், நிலக்கரியைப் படிப்படியாக 'நிறுத்துவது' என்ற சொல்லைப் படிப்படியாக 'குறைப்பது' என்று மாற்றக் கேட்டதும் இந்தியாதான். 2025-ல் நாட்டின் மின் நிலையத் திறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள் சாராததாகிவிட்டது. ஆனால் 2024-25 நிதியாண்டில் நிலக்கரி உற்பத்தியும் முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. இரண்டையும் அரசு சாதனையாகவே அறிவித்தது. இதைப் பாசாங்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. சராசரி இந்தியர் வெளியிடும் கரிவாயு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை என்பது உண்மை. ஆனால் 'சராசரி இந்தியர்' என்பவர் நம் உப்பளத் தொழிலாளியா, பெருநகரத்துக் குளிர்சாதன மாளிகைக்காரரா என்று எந்தக் கட்சியும் பிரித்துச் சொல்வதில்லை.

இனிக் கூடங்குளம். அரசியல்வாதிகளின் நிலைப்பாடு எப்படி உருவாகிறது, எப்படி உருமாறுகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தனர். 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் அணு உலை விபத்து. அதே ஆண்டு இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் மக்கள் உண்ணாநோன்பு தொடங்கினர். செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதாவின் அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. கடற்கரை நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஆறு மாதம் கழிந்தது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள், மார்ச் 19, அதே அமைச்சரவை உலையைத் திறக்க இசைவு தந்தது. சுற்றுவட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் என்றது. நிபுணர் குழுவின் அறிக்கை காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொரு காரணத்தையும் நாம் மறக்கக்கூடாது. அன்று தமிழகம் மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்தது. 2011 தேர்தலில் தி.மு.க. தோற்றதற்கு மின்வெட்டும் ஒரு காரணம். ஆட்சி மாறியும் வெட்டு குறையவில்லை. கோவையில் விசைத்தறி நின்றது, சிவகாசியில் அச்சகம் நின்றது. அவர்களும் ஏழைகள்தாம். மீனவரின் அச்சமும் நெசவாளியின் பசியும் ஒரே தராசில் வைக்கப்பட்டபோது, எண்ணிக்கை அதிகமுள்ள தட்டு தாழ்ந்தது. உலையை எதிர்த்து நின்ற அதே முதலமைச்சர், பிறகு அதன் மின்சாரம் முழுவதையும் தமிழகத்துக்கே தர வேண்டும் என்று பிரதமருக்கு எழுதினார்.

மற்றவர்கள்? தி.மு.க. உலையை ஆதரித்தது. வைகோ தொடக்கம் முதல் எதிர்த்தார். அந்த நிலையில் அவர் மாறவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் நிலை விநோதமானது. அமெரிக்க அணு ஒப்பந்தத்தை எதிர்த்து 2008-ல் மன்மோகன் அரசுக்கான ஆதரவையே விலக்கிக்கொண்ட அக்கட்சி, ரஷ்ய உலையான கூடங்குளத்தை ஆதரித்தது. அதே கட்சியின் கேரளத் தலைவர் அச்சுதானந்தன், தம் கட்சியின் நிலையை ஏற்காமல் 2012 செப்டம்பரில் கூடங்குளத்துக்குப் புறப்பட்டு, எல்லையில் களியக்காவிளையில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார். மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் உலை பாதுகாப்பானது என்றார். மன்மோகன் சிங்கோ, போராட்டத்தின் பின்னே அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். நம் மறைமாவட்டத்தோடு தொடர்புடைய அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகளும் அந்நாளில் முடக்கப்பட்டன. 2012 செப்டம்பர் 10 அன்று காவல்துறை நடவடிக்கையின்போது மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி அளித்தது. அக்டோபரில் முதல் மின்சாரம் வந்தது.

அதே புகுஷிமாவைப் பார்த்து ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கல் எதிர்த்திசையில் நடந்தார். 2010-ல் அணு உலைகளின் ஆயுளை நீட்டியவர், 2011-ல் எல்லாவற்றையும் மூட முடிவு செய்தார். 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளும் நின்றன. அணு உலையை மூடியதால் நிலக்கரி கூடுதல் காலம் எரிந்தது என்ற குறை அவர்மேல் உண்டு. இங்கே இப்போது அணு மின்சாரத்துக்குப் புதிய பெயர் கிடைத்திருக்கிறது: புகையில்லா மின்சாரம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் சட்டத்தை நிறைவேற்றியபோது சொல்லப்பட்ட காரணங்களில் பருவநிலையும் ஒன்று. விபத்து நேர்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு என்பதே எதிர்க்கட்சிகளின் கேள்வியாக இருந்தது. இடிந்தகரை மக்கள் 2011-லேயே கேட்ட கேள்விதான்.

காற்றாலையை எதிர்ப்பவர் எவருமில்லை என்றுதான் தோன்றும். முள்ளக்காட்டில் 1986-லேயே காற்றாலைகள் நிறுவப்பட்டன. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஜெயலலிதா 2012-ல் சூரிய மின்கொள்கை வெளியிட்டு, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றார். அது அந்தக் கெடுவுக்குள் எட்டப்படவில்லை. ஸ்டாலின் அரசு 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. நாட்டின் 2070 இலக்குக்கு முன்பே தமிழகம் எட்டும் என்றது. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் காற்றாலை நன்றாகச் சுற்றும். சூரியன் மாலையில் மறைந்துவிடும். நாம் விளக்குப் போடுவதோ மாலையில். அந்த இடைவெளியை நிரப்பும் மின்கலன்களுக்கும் கம்பிப் பாதைகளுக்கும் யார் பணம் போடுவது என்று மேடையில் யாரும் பேசுவதில்லை. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம், 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். இதைத் தொட எக்கட்சிக்கும் துணிவில்லை. தொட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. கம்பு விதைக்கிறவரிடம் கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

பசுமை ஹைட்ரஜன் இன்றைய புதுச்சொல். ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906-ல் ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் விட்டவரின் பெயர் தாங்கிய துறைமுகம் அதற்கு மையமாகும் என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பிரதமர் இங்கிருந்தபடியே ஹைட்ரஜன் படகு ஒன்றைத் தொடங்கி வைத்தார். படகு ஓடுவது காசியில்.

கடலுக்கு அப்பால் மன்னாரைப் பாருங்கள். அங்கும் நம்மைப் போலத் தமிழ் பேசும் கத்தோலிக்க மீனவர்கள். 2024 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க, அதானி நிறுவனத்தின் காற்றாலைத் திட்டத்தை எதிர்த்தார். 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனால் அவர் அரசே வேறு காற்றாலைகளை அதே தீவில் அமைக்க முற்பட்டபோது, 2025-ல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆலயமும் உடன் நின்றது. வெள்ளம் வடியும் வழி அடைபடும், பறவைகள் வரும் பாதை மறிக்கப்படும் என்பது அவர்கள் அச்சம். அம்மக்கள் காற்றாலைக்குப் பகைவர்கள் அல்லர். தங்களைக் கேட்காமல் நடுவதற்குத்தான் பகை.

இந்தக் கேள்வி நம் கரைக்கும் வருகிறது. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே காற்றாலை நட மத்திய அரசு திட்டமிட்டது. 2024 ஜூனில், குஜராத்துக்கு 500, தமிழகத்துக்கு 500 மெகாவாட் என்று 7,453 கோடி ரூபாய் உதவிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு அழைக்கப்பட்ட ஏலம் 2025-ல் ரத்தாயிற்று, திட்டம் கைவிடப்படவில்லை. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்காத கடல் இது. சங்கு குளிப்பவரும் நாட்டுப்படகுக்காரரும் இன்னும் இதை நம்பியே இருக்கிறார்கள். கோபுரத்துக்கும் படகுக்கும் இடையே எத்தனை தூரம் விட வேண்டும், வலை அறுந்தால் யாரிடம் போவது, கடலடியில் கம்பி செல்லும் பாதையில் மடி இழுக்கலாமா கூடாதா? அடுத்த முறை வாக்குக் கேட்டுக் கடற்கரைக்கு வரும் வேட்பாளர், எந்தக் கட்சியினராயினும், இந்த மூன்றுக்கும் விடையோடு வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.