முதல் மாதம் மோசமாக்கும் மருந்து

பழவேற்காடு ஏரியின் மேற்குப் புறத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலைக்கும் உப்பங்கழிக்கும் இடையே அமைந்த எளாவூர், சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் வட்டாரத்திலும், தமிழ்நாட்டின் வேறெந்தச் சிற்றூரிலும், முகப்பருவுக்கு மருந்து தேடும் இளம் வயதினர் முன் வந்து நிற்கும் களிம்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பூசிய நான்காம் நாளே முகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் பல மாதங்கள் கழித்துக் கெடுப்பது ஒரு வகை; முதல் மாதத்தில் முகத்தை உரித்து, சிவக்க வைத்து, பருவைக் கூட்டிவிட்டது போலவும் தோன்றச் செய்து, மூன்றாம் மாதத்தில்தான் பலனைக் காட்டுவது மற்றொன்று. முன்னது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பின்னது ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ-யிலிருந்து பிறந்த அல்லது அதைப் போலவே செயல்படும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மருந்து. தன் கண்ணால் கண்டதையே நம்பும் ஒருவர் இவ்விரண்டில் தவறானதைத் தேர்ந்துகொள்வதில் வியப்பில்லை. ரெட்டினாய்டு பூசியோரின் அனுபவங்களை விளங்கிக்கொள்வதற்கு இந்த முரணே திறவுகோல்.

பருவைச் 'சூட்டுக்கட்டி' என்றும், உடல் சூடு மேலேறி முகத்தில் வெடிப்பது என்றும் கருதுவது ஊர்வழக்கு. அந்த விளக்கம் வெயில் நாட்டு மக்களுக்கு இயல்பாகவே பொருந்தித் தோன்றினாலும், பரு பிறக்கும் இடம் தோலின் மயிர்க்குழி. ஒவ்வொரு மயிர்க்குழியுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. வளரிளம் பருவத்தில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் பெருகும்போது, ஆண், பெண் இருபாலரிலும் இச்சுரப்பி அதிகமாக எண்ணெயைச் சுரக்கத் தொடங்குகிறது. அதே வேளையில் குழியின் உட்சுவரிலிருந்து தனித்தனியாக உதிர வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயுடன் சேர்ந்து கெட்டியான அடைப்பாகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணடைப்பு, வாய் மூடியிருந்தால் வெண்புள்ளியாகவும், வாய் திறந்து காற்றுப் பட்டால் கரும்புள்ளியாகவும் வெளிப்படுகிறது. அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா பெருகி, உடலின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டால் சிவந்த பருவாகவும் சீழ்க்கொப்புளமாகவும் வீங்குகிறது. கரும்புள்ளியின் கருமைக்குக் காரணம் அழுக்கு அன்று, தோலின் நிறமிப் பொருளே என்பதால், அதைத் தேய்த்துக் கழுவிப் போக்க முயல்வது வீண் வேலை மட்டுமன்று, தோலைப் புண்ணாக்கும் வேலையுமாகும். நுண்ணடைப்பு தொடங்கியதற்கும் பரு கண்ணில் படுவதற்கும் இடையில் பல வாரங்கள் கழிந்துவிடுகின்றன என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இன்று கன்னத்தில் எழும் பரு சென்ற மாதமோ அதற்கும் முன்போ உள்ளே உருவானது.

வைட்டமின் ஏ-க்கும் தோலுக்கும் உள்ள உறவு வெளிப்பட்ட கதையில் ஆசியாவுக்குக் கணிசமான பங்கு உண்டு. 1931இல் பீக்கிங்கில் ஃபிரேசியர், ஹூ என்னும் இரு மருத்துவர்கள், ஊட்டம் குன்றிய சீனப் படைவீரர்களின் தோல் வறண்டு, மயிர்க்குழிகள் அடைபட்டுச் சொரசொரத்துப் போயிருந்ததை வைட்டமின் ஏ குறைபாட்டோடு தொடர்புபடுத்தி எழுதினர். கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் 1933இல் இத்தகைய தோலுக்குத் தேரைத்தோல் என்று பொருள்படும் 'ஃப்ரைனோடெர்மா' என்ற பெயரை வைத்தார். அந்நோய்க்கு இந்த ஒரு வைட்டமின் மட்டுமே காரணமன்று என்று பிற்காலத்தில் தெரிந்தபோதும், மயிர்க்குழி அடைப்புக்கும் வைட்டமின் ஏ-க்கும் முடிச்சுப் போட்ட அந்தச் சிந்தனை நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரால் காட் மீன் எண்ணெய் இறக்குமதி தடைபட்ட காலத்தில், சென்னை மாகாண மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்ததும் இந்த வைட்டமினுக்காகத்தான். எனினும் மீன் ஈரல் எண்ணெயைக் குடித்துப் பருவைப் போக்க முடியுமா என்றால், முடியாது என்பதே விடை: 1943இல் ஸ்ட்ராம்ஃபியோர்டு என்னும் அமெரிக்க மருத்துவர் நாளொன்றுக்கு 1,00,000 அலகு வைட்டமின் ஏ-யை உட்கொள்ளக் கொடுத்துப் பருவைக் குறைத்ததாக எழுதினார், ஆனால் அவ்வளவு பெரிய அளவு நீண்ட நாள் உடலில் சேர்ந்தால் ஈரலையும் எலும்பையும் பாதிக்கும்.

உள்ளே கொடுப்பதை விட்டு மேலே பூசிப் பார்க்கும் வழியை ஜெர்மனியின் குந்தர் ஸ்டூட்கன் 1960களின் தொடக்கத்தில் முயன்றார். பருவுக்கு அதை நிலையான மருந்தாக்கியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அவரும் ஃபுல்டன், பிளெவிக் ஆகிய இருவரும் 1969இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், டிரெட்டினாயின் என்னும் ரெட்டினாயிக் அமிலம் 1971இல் அந்நாட்டில் அனுமதி பெற்றது. கிளிக்மனின் தோல் ஆய்வுகளில் பல, ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடலில் நடத்தப்பட்டவை என்பதும், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதும், தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பது அவர்களுக்குச் சரிவர விளக்கப்படவில்லை என்பதும் இம்மருந்தின் வரலாற்றிலிருந்து அழிக்க முடியாத பக்கங்கள். எரிச்சல் குறைந்த மற்றொரு ரெட்டினாய்டான அடாபலீன் 1996இல் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. 2016இல் அதன் 0.1 சதவீத ஜெல்லை மருத்துவர் சீட்டு இல்லாமலே 12 வயதும் அதற்கு மேலும் ஆனோர் வாங்கலாம் என்று அந்நாடு இசைந்தது.

மேலே பூசப்படும் ரெட்டினாய்டு, பருவின் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில்லை, எண்ணெய்ச் சுரப்பையும் பெரிதாகக் குறைப்பதில்லை. அது தோல் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு, செல் எப்படி முதிர்ந்து எப்படி உதிர வேண்டும் என்னும் கட்டளைகளையே மாற்றுகிறது. ஒட்டிக்கொண்டிருந்த செல்கள் பிரிந்து உதிர, பழைய அடைப்பு இளகுவதோடு புதிய அடைப்பும் உருவாவது குறைகிறது. எனவே இது எழுந்த பருவுக்கான மருந்து என்பதைவிட, எழவிருக்கும் பருவுக்கான மருந்து என்பதே சரி. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதுபோல் தடவுவோர் பலன் காணாததற்கு இதுவே காரணம். பரு வரக்கூடிய இடம் முழுவதிலும், பரு இல்லாத நாளிலும், பூச வேண்டியிருக்கிறது.

பயன்படுத்தியோரின் அனுபவங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் ஓர் ஒழுங்கில் அமைகின்றன. முதல் சில இரவுகள் எதுவும் தெரியாது. அந்த வார இறுதியிலோ அடுத்த வாரத்திலோ தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இறுகுகிறது, மூக்கின் ஓரமும் வாயின் இரு முனைகளும் முதலில் வெடிக்கின்றன, சிரிக்கும்போது எரிகிறது, குழம்பின் காரம் உதட்டோரத்தில் பட்டாலும் எரிகிறது. கன்னத்தில் மெல்லிய செதில்கள் எழுந்து, அவற்றை மறைக்கப் பவுடர் போட்டால், செதிலின் விளிம்பில் பவுடர் திட்டுத்திட்டாகத் தங்கி மறைக்க நினைத்ததையே எடுத்துக் காட்டுகிறது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் சிலருக்கு உள்ளே பதுங்கியிருந்த அடைப்புகள் விரைந்து மேலெழுந்து, முன்னைவிடப் பரு அதிகமாகிவிட்டது போல் தெரிகிறது. பெரும்பாலோர் மருந்தைக் கைவிடுவது இங்கேதான். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரே சொல்லில் அந்த அனுபவம் வீட்டாரிடம் சொல்லப்பட்டு முடிந்துவிடுகிறது. தாக்குப்பிடித்தவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பின் உரிதல் அடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் புதிய பருக்களின் வரவு குறைகிறது. ஆயினும் எல்லாத் துன்பத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை: முகம் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, கொப்புளித்தாலோ அது மருந்தின் வழக்கமான போக்கு அன்று, உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டிய நிலை.

இந்தத் துன்பத்தின் பெரும்பகுதி அளவு தவறுவதால் வருவது. முழு முகத்துக்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு போதும் என்று சொன்னால் நம்புவோர் குறைவு. ட்யூபைப் பிதுக்கினால் அது அவ்வளவு அற்பமாகத் தெரிகிறது. நெற்றியில் ஒன்று, கன்னங்களில் இரண்டு, மூக்கில் ஒன்று, மோவாயில் ஒன்று என ஐந்து பொட்டுகளாக வைத்துப் பரப்பினால் அந்தப் பட்டாணி முகம் முழுவதையும் மூடிவிடும். இரண்டு மடங்கு பூசினால் எரிச்சல் இரண்டு மடங்காகிறதே தவிர, குணம் விரைவதில்லை. முகம் கழுவிய ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு பூசுவதும், முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவு தொடங்கி மெல்ல அன்றாடமாக்குவதும், மருந்துக்கு முன்னோ பின்னோ வாசனையற்ற ஈரப்பசைக் களிம்பு தடவுவதும் எரிச்சலை வெகுவாகக் குறைக்கின்றன. அடாபலீனுடன் பென்சாயில் பெராக்சைடு சேர்ந்த ஜெல்லும் கிடைக்கிறது. அது பாக்டீரியாவையும் அடக்குகிறது, ஆனால் தலையணை உறையிலும் துண்டிலும் பட்ட இடமெல்லாம் சாயத்தை வெளுத்துவிடுகிறது. வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளும்படி முன்னதாகச் சொல்லிவிடும் மருத்துவர், அந்த வீட்டில் ஒரு சண்டையைத் தவிர்த்துவிடுகிறார்.

ஏரிக்கரை வாழ்க்கையில் இந்த மருந்து எதிர்கொள்ளும் சங்கடங்கள் வேறு. ரெட்டினாய்டு தோலின் மேல் அடுக்கைத் தற்காலிகமாக மெலிதாக்குவதால் வெயில் சுள்ளென்று உறைக்கிறது. டிரெட்டினாயின் ஒளியில் சிதையும் இயல்புடையதால் அதை இரவில்தான் பூச வேண்டும். ஆனால் 'பாடு' என்று வழங்கும் முறைவைப்புப்படி வலை வைக்கும் இடமும் நாளும் வகுத்துக்கொண்டு தொழில் செய்யும் பழவேற்காட்டு மீனவர்களில், இரவு வலைக்குப் போக வேண்டியவருக்கு 'படுக்கும்முன் பூசுக' என்ற அறிவுரை பொருந்துவதில்லை. வீடு திரும்பி, உப்பை நன்னீரில் கழுவி, கதவடைத்து உறங்கும் பொழுதே அவருக்கு இரவு என்று சீட்டில் எழுதுவது பொருத்தமாக இருக்கும். கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடித்து, ஓலைப் பறியில் போடும் இருளர் பெண்களுக்கு நீர்ப்பரப்பு முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. உப்புநீர் தெறித்து, வெயிலில் உலர்ந்து, உரிந்த தோலில் உப்பு படியும்போது உண்டாகும் எரிச்சலை நகரத்துக்காக அச்சிடப்பட்ட மருந்துத் துண்டுத்தாள் எதுவும் குறிப்பிடுவதில்லை. கருவாடு காயவைக்கும் வெள்ளை மணல், தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அலை நுரை 25 சதவீதத்தை அனுப்புகிறது. ஆகவே தலையில் முக்காடு மட்டும் போட்டுக்கொள்வது அரைப் பாதுகாப்புதான். வெயில் தடுப்புக் களிம்பு விலை கூடியது, வியர்வையில் கரைவது. அதை வாங்க இயலாதோருக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும், முகத்தைச் சுற்றிக் கட்டிய பருத்தித் துணியும், நடுப்பகலைத் தவிர்த்த வேலை நேரமும் மருந்துக்குத் துணையாகும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழிந்து அங்கே மட்டும் பரு எழுப்புவதும் உண்டு. எண்ணெயைக் குறைக்காமல் நெற்றிக்கு மருந்து பூசுவது ஓட்டைப் படகில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

மாநிறத்திலும் கருநிறத்திலும் பருவைவிடப் பரு விட்டுச்செல்லும் கருந்தழும்பே மக்களை அதிகம் வாட்டுகிறது. ரெட்டினாய்டு அதையும் மெல்ல வெளிறச் செய்கிறது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வாரம் போதாது, பல மாதங்கள் தேவைப்படலாம், இடையில் எரிச்சலால் தோல் புண்பட்டால் அந்தப் புண்ணே புதிய கருமையை உண்டாக்கிவிடும். இத்தனை மாதம் காத்திருக்க முடியாத அவசரத்தின் மீதுதான் ஸ்டீராய்டு களிம்பு வணிகம் நிற்கிறது. 'மங்கு' எனப்படும் கன்னக் கருமைக்காக உருவான முக்கூட்டுக் களிம்பில் ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு ஆகியவற்றோடு டிரெட்டினாயினும் இருக்கிறது. இதன் மூல வாய்பாட்டை 1975இல் வகுத்தவரும் அதே கிளிக்மன்தான். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டிய அது, சிவப்பழகுக் களிம்பு என்ற பேச்சில் மெடிக்கல் கடைகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் வாங்கிப் பூசப்பட்டது. இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர், அதாவது 14.8 சதவீதத்தினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரல்லர். தோல் மெலிவு, சிவந்த இரத்த நாளங்கள், மயிர் வளர்ச்சி, கொத்துக்கொத்தான பரு எனச் சேர்ந்து வரும் இக்கேட்டுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்றே பெயரிட்டனர். 2018 மார்ச்சில் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ரெட்டினாய்டுக்கும் தன் எல்லைகள் உண்டு. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோரும் பூச்சு வடிவத்தையும் தவிர்க்கும்படியே மருத்துவர்கள் சொல்கின்றனர். உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையோ கருவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கக் கூடியது என்பதால், அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததைத் தங்கை எடுத்து விழுங்கும் வழக்கத்துக்கு இதில் சிறிதும் இடமில்லை. ஆழமான கட்டிப் பருவுக்குப் பூச்சு மட்டும் போதாது. எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்கோ, ரயிலேறிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது என்பதால், மக்கள் கடைக்காரரிடமே கேட்டு வாங்குவதை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

அப்படி வாங்கிய ஸ்டீராய்டைப் பல மாதம் பூசியவர் ஒருவழியாகத் தோல் மருத்துவரிடம் வந்து சேரும்போது, கையோடு ரெட்டினாய்டு எழுதிக் கொடுக்கப்படுவதில்லை. ஸ்டீராய்டை நிறுத்தியதும் முகம் சிவந்து, எரிந்து, அடக்கி வைத்த பரு முழுவதும் ஒருசேரக் கிளம்புகிறது. மெலிந்துபோன அத்தோல் ரெட்டினாய்டின் உரிப்பைத் தாங்காது. ஈரப்பசைக் களிம்பும் வெயில் மறைப்பும், தேவைப்பட்டால் உட்கொள்ளும் மருந்தும் கொண்டு அது ஆறுவதற்கே வாரங்களோ மாதங்களோ ஆகின்றன. அதற்குப் பிறகுதான், பட்டாணி அளவில், ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவு என்று, அந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கு தொடங்குகிறது.