முகத்தைப் பார்த்தா சைவம் தெரியுமா?

சைவம்னா ஒட்டிய கன்னம், சோர்ந்த நடை. இல்லேன்னா நெற்றி நிறைய விபூதியும் தொந்தியும். பலர் மனசில் இதுதான் படம். சைவச் சாப்பாட்டுக்காரனான என்னையும் "வயல் வேலைக்கு உடம்பு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். எங்க திருக்கடையூருக்கு அறுபதாம், எண்பதாம் கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தில், யார் சைவம் என்று முகத்தை வச்சுச் சொல்லிப் பாருங்க, பார்ப்போம்!

கறி தின்றால்தான் பலம் என்று நம்பி, சிறுவயதில் ரகசியமாகச் சாப்பிட்டவர் காந்தி. அவரே 1890-ல் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரானார்.

"மாடு வைக்கோல் தின்னுதானே ஏர் இழுக்குது?" என்று நம்மாட்கள் பேசும் எதிர்வாதமும் நிக்காது. வைக்கோலைப் புரதமாக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றில் இருக்கு. நமக்கு அந்த வயிறு இல்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைய. ரெண்டும் சேரணும். பாலும் தொடாதவர்கள் பி12 மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்க. செடி உணவில் அந்தச் சத்து கிடைக்காது.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னே ஈரத்தில் தெளிக்கிற உளுந்தும் பயறும் நிலத்துக்குத் தழைச்சத்து, நமக்குப் புரதம். வர்ற பங்குனியில் எல்லாத்தையும் வியாபாரிக்கு அளந்துடாம, வருஷத்துக்குக் காணுற அளவு வீட்டில் வையுங்க.