கிராஸ் குதிரை, நெட் குதிரை

பழைய பேப்பர்காரரின் தராசை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பி.காம். படித்த பாவம்! யார் எந்த எண்ணைச் சொன்னாலும், 'இது பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்னாலா?' என்று கேட்கத் தோன்றும். ஸ்போர்ட்ஸ் காரின் குதிரை சக்தியைப் பார்த்தாலும் அதே கேள்விதான்.

சரியான கேள்வி ஸார் அது. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கம்பெனிகள் சொன்னதெல்லாம் 'கிராஸ்' சம்பளம். என்ஜினைத் தனியே வைத்து, ஏர் ஃபில்டர், சைலென்சர் தொல்லையெல்லாம் இல்லாமல் ஓட்டி அளந்த கணக்கு. 1972-ல் 'நெட்'டுக்கு மாறினார்கள். கார்வெட்டின் எல்.டி.1 என்ஜின் 330-லிருந்து ஒரே வருஷத்தில் 255 ஆயிற்று! என்ஜின் ஏறக்குறைய அதேதான். மாறியது பேரேடு.

அந்த நெட்டும் முழுசாகச் சக்கரத்துக்கு வராது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் வழியில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். கைக்கு வந்ததை எண்ணத்தான் டைனமோமீட்டர். காரை பெல்ட்டால் இறுகக் கட்டி, சக்கரத்தைக் கனமான உருளைமேல் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். கார் நகராது, உருளை சுற்றும். உருளையின் கனம் தெரியும். அது எத்தனை சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்று பார்த்தால் சக்தி தெரிந்துவிடும்.

இதில் மாட்டியது ஃபோர்டு. 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரை என்றார்கள். காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? உருளையில் ஏற்றினான். கமிஷன் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. அந்த ஆகஸ்டில் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களையும் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு முதல் சைலென்சர் வரை மாற்றிக் கொடுத்தார்கள். 2001-ல் மாஸ்டா முறை. மியாட்டாவுக்கு 155 என்று சொல்லி, 142-தான் என்று ஒப்புக்கொண்டு, வேண்டாதவர்களிடம் காரையே திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னது.

எடை விஷயம் இன்னும் வேடிக்கை. நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு. முன்னும் பின்னும் பாதிப்பாதி என்றால் பெருமை. (பின்னால் என்ஜினை வைத்துக்கொண்டு, அறுபது சதத்துக்கு மேல் பின்பாரத்தோடு ஓடும் போர்ஷே 911 இதையெல்லாம் சட்டை செய்வதில்லை!) மூலைக்கு மூலை சரிபார்ப்பதும் உண்டு. ஆடும் ஹோட்டல் மேஜையின் காலுக்கு அட்டை வைத்தால் பாரம் அந்தக் காலிலும் எதிர்மூலைக் காலிலும் ஏறுமில்லையா? ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் அப்படித்தான். ஆனால் முன்-பின் விகிதம் அதனால் அசையாது. அதற்குச் சாமானையே இடம் மாற்றணும். மியாட்டாவில் அந்த நாளில் பாட்டரியை டிக்கியில் கொண்டுபோய் வைத்தது அதனால்தான்.

டிரைவரையும் உட்காரவைத்தே நிறுக்கிறார்கள். என் போன்றவர்கள் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்குத் தனியாக ஒரு அட்டை வேண்டியிருக்கும்.