நிலத்துக்கும் ஓர் ஓய்வு

தை மாத அறுவடை முடிந்தபின் விக்கிரவாண்டி வட்டாரத்தில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சில வாரங்களுக்கு முன்வரை பச்சைப் பசேலென்றிருந்த நெல் வயல்கள் வெறும் தாள்களோடு வெயிலில் காய்ந்து கிடக்கும். கிணற்றில் நீருள்ளவர்கள் மணிலாவோ உளுந்தோ விதைப்பார்கள். நீர் இல்லாதவர்களின் நிலம் ஆடி மாதம் வரையில் தரிசாகவே கிடக்கும்.

வெறுமனே கிடப்பதை ஓய்வு என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் மூடாக்கு இல்லாத மண் வெயிலில் வெந்து ஈரத்தை இழக்கிறது. மண்புழு ஆழத்துக்குச் செல்கிறது. காடைக்கும் கௌதாரிக்கும் ஒதுங்கப் புதரில்லை, தேனீக்குப் பூவில்லை. மண்ணுக்கு உண்மையான ஓய்வு, அதன்மேல் பசுமை போர்த்தியிருக்கும்போதுதான் கிடைக்கிறது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கோடை மழை பெய்ததும் கொளிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில், மடக்கி உழுதார்கள். இச்செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. தக்கைப்பூண்டு உவர் நிலத்திலும் வளரக்கூடியது. மூட்டை உரம் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபின் இப்பழக்கம் நம்மிடையே குறைந்துவிட்டது.

இப்பொழுது அரசு இதற்கு மீண்டும் ஊக்கமளிக்க முன்வந்துள்ளது. தமிழக அரசின் 2024-25ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்னும் திட்டம் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. அதில் பசுந்தாளுரப் பயிருக்கென 20 கோடி ரூபாய் ஒதுக்கி, 2 லட்சம் ஏக்கரில் 2 லட்சம் உழவர்கள் பயன்பெறுவர் என்றார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் ஓர் உழவருக்கு ஓர் ஏக்கர்; ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய். விதைச் செலவில் கைகொடுக்க இது உதவும். இதனை நாம் நன்றியோடு வரவேற்கிறோம்.

ஆயினும் பிற நாடுகளில் நடப்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் அரசு, குளிர்காலத்தில் பலவகை மூடுபயிர் வளர்க்கும் உழவருக்கு ஹெக்டேருக்கு 129 பவுன் கொடுக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. பறவைகள் தின்பதற்கென்றே தானியச் செடிகளைக் குளிர்காலம் முழுவதும் நிற்கவிடுவோருக்குத் தனியே, இன்னும் பன்மடங்கு தொகை உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் அத்திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்கள் பெறுவது திடீரென்று நிறுத்தப்பட்டது. அரசுப் பணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அங்கே பருவத்துக்குப் பணம். இங்கே பெரும்பாலும் விதைக்கு மட்டும் உதவி. இந்த வேறுபாட்டின் சுமை யார்மேல் விழுகிறது? குத்தகைக்குப் பயிரிடும் ஏழை உழவர்மேல்தான். உழவுக்கூலியும் ஒரு நனைப்பு நீரும் அவருடையவை. மண் வளமாகி அடுத்த ஆண்டு பலன் தரும்போது நிலம் வேறொருவர் கைக்கு மாறியிருக்கலாம். பிறர் நிலத்துக்கு நான் ஏன் எருவிட வேண்டும் என்று அவர் கேட்டால் நம்மிடம் என்ன பதில் உண்டு? சிறு நிலக்காரருக்கும் ஓர் இடர் உண்டு. அறுவடைக்குப்பின் ஊர் ஆடுமாடுகள் வயல்களில் மேய்வது வழக்கம். ஒருவர் மட்டும் பசுந்தாள் விதைத்தால் ஊர் மந்தை முழுவதும் அவர் வயலில்தான் நிற்கும்.

மத்திய அரசு 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாய் மதிப்பில் இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. மண்ணை மூடிவைப்பதும் இயற்கை வேளாண்மையின் அடிப்படைகளுள் ஒன்று. இத்தகைய உதவிகள் குத்தகை உழவரையும் எட்ட வேண்டும்.

நம் விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நமக்குப் பெருமையே. ஆனால் காடையும் கௌதாரியும் தேனீயும் சரணாலயத்தைத் தேடிப் போவதில்லை. நம் வரப்புகளில்தான் வாழ்கின்றன. ஏழாம் ஆண்டில் நிலத்தை ஓய்ந்திருக்க விட்டு, தானாக விளைவதை ஏழைகளும், எஞ்சியதைக் காட்டு உயிர்களும் உண்ணவிடுமாறு விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. ஏழைக்கும் காட்டுயிருக்கும் ஒரே கட்டளையில் பங்கு வைக்கப்பட்டிருப்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஆகவே, நிலமுள்ள குடும்பங்கள் குத்தகையை ஓராண்டோடு முடிக்காமல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உறுதி செய்யலாம். பசுந்தாள் விதைக்கும் ஆண்டில் குத்தகையில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து விதைத்து, மந்தை ஓட்டுவோரிடம் முன்கூட்டியே பேசி, மேய்ச்சலுக்கெனத் தனியிடம் ஒதுக்கலாம். மடக்கி உழும்போது வரப்பை ஒட்டி இரண்டு முழம் அகலத்துக்குச் செடிகளை விட்டுவைத்தால் தேனீக்குப் பூவும், மறு ஆண்டுக்கு நம் சொந்த விதையும் கிடைக்கும். இவ்வாண்டு மானிய விதை உண்டா என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சித்திரைக்கு முன்பே கேட்டறிவது நலம்.

நமக்குச் சோறிடும் நிலம் நம் பிள்ளைகளுக்கும் சோறிட வேண்டும். அதற்காக ஆண்டில் நாற்பத்தைந்து நாள்களை அதற்குக் கொடுக்க நம்மால் இயலாதா?